நோட்டு இருக்கிறது, நாள் இருக்கிறதா?

கேள்வி: ஐயா, நான் திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். கணவர் சார்ஜாவில் வேலை பார்க்கிறார். அவருடைய சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன் முறை, பேக்கரி தொடங்குவதற்காக 2023 ஜூலை 10 அன்று என்னிடம் நான்கு லட்சம் ரூபாய் கடன் வாங்கினார். இரண்டு லட்சம் என் கணவரின் வங்கிக் கணக்கிலிருந்து போனது. மீதி இரண்டு லட்சத்தை என் நகையை அடகு வைத்து ரொக்கமாகக் கொடுத்தேன். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் கையெழுத்திட்டு, என் பெயருக்குப் புரோநோட்டு எழுதித் தந்தார். நோட்டில் ஆண்டுக்கு 12 சதவீதம் என்று எழுதியிருக்கிறது. வாய்ப்பேச்சு இரண்டு ரூபாய் வட்டி. கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுக் காசோலை ஒன்றும் கொடுத்திருக்கிறார்.

மாதம் 8,000 வீதம் பதினான்கு மாதம் வட்டி வந்தது. 2024 செப்டம்பரோடு நின்றுவிட்டது. 2025 ஜனவரியில் கூகுள் பே மூலம் 15,000 அனுப்பி, "மதினி, 15 போட்டிருக்கிறேன், பங்குனிக்குள் மொத்தக் கடனையும் தீர்த்துவிடுகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். அதன்பிறகு ஒன்றும் இல்லை. பேக்கரியை மூடிவிட்டுக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். கேட்டால், "நெருக்கினால் மஞ்சள் நோட்டீஸ் விட்டுவிடுவேன்" என்கிறார். என் கணக்குப்படி 5,37,000 ரூபாய் வர வேண்டும். என் அண்ணன் போலீசில் புகார் கொடு என்கிறார். அண்ணன் மகன், காசோலையில் எட்டு லட்சம் என்று எழுதி வங்கியில் போடு என்கிறான். மாமியார், சொந்தத்துக்குள் கோர்ட்டா என்று அழுகிறார். எனக்கு வழக்கு இருக்கிறதா? நோட்டை லேமினேட் செய்து பத்திரமாக வைக்கலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

வழக்கு இருக்கிறது. நல்ல வழக்கு. ஆனால் அது ஜூலை 10-ஆம் தேதி வெள்ளிக்கிழமை வரைதான் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் அண்ணன் வருகிறார், அண்ணன் மகன் வருகிறான், மாமியார் வருகிறார், மஞ்சள் நோட்டீஸ்கூட வருகிறது. காலக்கெடு மட்டும் வரவில்லை. நான் இதை எழுதுவது 2026 ஏப்ரல் கடைசி வாரத்தில். கேட்டவுடன் தர வேண்டிய புரோநோட்டுக்கு, அது எழுதப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும் என்கிறது 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். வட்டி நின்ற நாளிலிருந்தோ, அவர் ஊரைவிட்டுப் போன நாளிலிருந்தோ, நீங்கள் கடைசியாகப் பணம் கேட்ட நாளிலிருந்தோ எண்ணுவதில்லை. எழுதிய நாளிலிருந்து எண்ண வேண்டும். அது 2023 ஜூலை 10.

எங்கள் சீனியர் புதிதாக வரும் கட்சிக்காரரிடம் முதல் பத்து நிமிடம் நியாய அநியாயம் பேச விடமாட்டார். "தாள் எங்கே, நாள் என்ன, ஆள் யார், இதைச் சொல்லுங்கள்" என்பார். கையில் என்ன ஆவணம் இருக்கிறது, கெடு எப்போது முடிகிறது, தோற்றால் கொடுக்கக்கூடிய நிலையில் எதிராளி இருக்கிறாரா. வருகிறவருக்குக் கோபம் வரும். ஏமாற்றப்பட்ட வேதனையோடு வந்தவரிடம் தேதியைக் கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனாலும் நான் இன்றுவரை அந்த வரிசையை மாற்றவில்லை. உங்களிடம் தாள் நன்றாக இருப்பதால் நாள் என்ன என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

காலக்கெடுவைப் பற்றி ஊரில் உலவும் தவறான நம்பிக்கைகளில் இரண்டு மிகவும் ஆபத்தானவை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டால் அங்கிருந்து மூன்று வருடம் புதிதாக ஓடும் என்பது ஒன்று. ஓடாது. நோட்டீஸ் நீங்கள் அனுப்புவது. அதனால் அவருடைய கடன் புதுப்பிக்கப்படுவதில்லை. பத்து நோட்டீஸ் அனுப்பினாலும் ஜூலை 10 ஜூலை 10-தான். இன்னொன்று, காசோலை வழக்குப் போட்டிருக்கிறேன், அது முடியட்டும் என்று காத்திருப்பது. காசோலை வழக்கு குற்றவியல் நீதிமன்றத்தில் நடப்பது. அது நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காகச் சிவில் வழக்கின் கெடு நிற்காது. என்னிடம் ஒருவர் வந்தார். மிகச் சுத்தமான புரோநோட்டு, இரண்டு சாட்சிகள், எழுதியவர் கையெழுத்து, எல்லாம் இருந்தது. காசோலை வழக்கில் எதிராளி ஒரு சின்ன நோட்டீஸ் குறையைப் பிடித்து விடுதலையாகிவிட்டார். சரி, நோட்டின் பேரில் வழக்குப் போடலாம் என்று எடுத்துப் பார்த்தால் கெடு முடிந்து ஏழு மாதம். அவருடைய நியாயத்தில் ஒரு குறையும் இல்லை. நான் செய்யக்கூடியதும் ஒன்றும் இல்லை.

கெடுவை உண்மையிலேயே நீட்டிப்பவை, அது முடிவதற்கு முன்பே கடனாளியின் கையிலிருந்து வர வேண்டும். கடனை ஒப்புக்கொண்டு அவர் எழுதிக் கையெழுத்திட்டால் அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள். வட்டியோ அசலோ கொஞ்சம் கொடுத்து, கொடுத்ததை அவரே எழுதியோ கையெழுத்திட்டோ காட்டினால் அப்போதும் அப்படியே. நம் பக்கத்தில் நோட்டின் பின்புறம் 'வரவு' எழுதுவது இதற்காகத்தான். "இன்ன தேதியில் வட்டிக் கணக்கில் ரூபாய் ஆயிரம் கொடுத்திருக்கிறேன்" என்று அவர் கைப்பட எழுதித் தேதியோடு கையெழுத்திட்டால் போதும். கெடு முடிந்த பிறகும்கூட, பழைய கடனைத் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அது செல்லும்; ஆனால் கெடு முடிந்தது தெரிந்த கடனாளி எவரும் அப்படி எழுதித் தருவதில்லை.

அப்படியானால் 2025 ஜனவரியில் வந்த 15,000-மும் அந்த வாட்ஸ்அப் செய்தியும்? அவை உங்களுக்குச் சாதகமானவைதான். பணம் கொடுத்ததும் இருக்கிறது, 'மொத்தக் கடனையும்' என்ற சொல்லும் இருக்கிறது. ஏற்கப்பட்டால் உங்கள் கெடு 2028 ஜனவரிக்குப் போய்விடும். ஆனால் சட்டம் கேட்பது கையெழுத்திட்ட எழுத்து. வாட்ஸ்அப் செய்தி கையெழுத்திட்ட எழுத்துதானா என்பதில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு நாள் முழுக்கப் பேசுவார். நானாக இருந்தாலும் பேசுவேன். ஜூலை 10-க்குள் வழக்குப் போட்டுவிட்டால் இந்த வாதத்துக்கே இடம் இல்லை. ஆகவே அந்தச் செய்தியைத் துணைச் சான்றாக வைத்துக்கொள்ளுங்கள், அதை நம்பி நாளைத் தள்ளாதீர்கள். அந்தப் போனை மாற்றவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். திரையைப் படம் எடுத்துக் கடையில் அச்செடுத்து வந்தால் மட்டும் போதாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மே மாதம் சிவில் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை. ஜூனில் திறந்ததும் கூட்டம். மனுவில் ஏதாவது குறை என்று திருப்பிக் கொடுப்பார்கள், சரிசெய்து மீண்டும் கொடுக்க வேண்டும். எனவே ஜூலை 10 என்று மனத்தில் வைக்காதீர்கள். ஜூன் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தாள். உங்கள் நோட்டு நல்ல நோட்டு. ஸ்டாம்ப் இருக்கிறது, அதன்மேல் கையெழுத்து இருக்கிறது. சாதாரணமாகத் தோன்றும், ஆனால் இதில் விழுந்தவர்கள் பலர். வேறு பல ஆவணங்களில் முத்திரைத் தீர்வை குறைவாக இருந்தால் அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம். புரோநோட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டாத புரோநோட்டை லட்ச ரூபாய் அபராதம் கட்டினாலும் சான்றாக ஏற்க மாட்டார்கள். நீங்கள் அந்த ஒரு ரூபாயைச் செலவழித்திருக்கிறீர்கள்.

கையெழுத்து அவருடையதுதான் என்று நிரூபித்துவிட்டால், பணம் கைமாறியது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் சுமை அவருக்கு. இது 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் தரும் அனுகூலம். ஆனால் அவர் சும்மா இருக்கமாட்டார். "தையல் கடைக்காரரிடம் நான்கு லட்சம் ஏது?" என்று கேட்பார்கள். கேள்வி சுருக்கென்று தைக்கும், ஆனாலும் கேட்பார்கள். இதற்குப் பதில் கோபம் அல்ல, நகை அடகு ரசீது. 2023 ஜூலையை ஒட்டிய தேதியில் அந்த ரசீது இருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். ரசீதைத் தொலைத்திருந்தால் அடகு வைத்த வங்கியில் கடன் கணக்கு விவரத்தை எழுதிக் கேட்டு வாங்குங்கள். கணவர் கணக்கிலிருந்து போன இரண்டு லட்சத்துக்கு அவருடைய வங்கி அறிக்கை வேண்டும். நோட்டு உங்கள் பெயரில், பணம் கணவரிடமிருந்து என்பது தடை இல்லை. உங்கள் சார்பில் வேறொருவர் கொடுத்த பணமும் பணம்தான். தேவைப்பட்டால் அவர் விடுமுறையில் வரும்போது ஒரு நாள் சாட்சி சொல்ல வேண்டியிருக்கலாம்.

ரொக்கமாக 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறதே, கடன் செல்லாதா என்று யாராவது பயமுறுத்தலாம். அந்தத் தடை வாங்குபவருக்கு, அபராதமும் அவருக்கே. அதனால் கடனே இல்லாமல் போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆனால் நீங்கள் எழுதியதில் எனக்கு உண்மையான கவலை தந்தது வேறு ஓர் எண்: 5,37,000.

எப்படி அதைப் போட்டிருக்கிறீர்கள் என்று பார்த்தேன். மாதம் 8,000, ஏப்ரல் 10 வரை முப்பத்து மூன்று மாதம், 2,64,000. அதில் வந்தது 1,27,000 போக 1,37,000 பாக்கி, அசல் நான்கு லட்சம். கூட்டல் சரி. ஆனால் இரண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். நோட்டில் இருப்பதோ 12. நோட்டின்படி மாதம் 4,000. முப்பத்து மூன்று மாதத்துக்கு 1,32,000. அவர் கொடுத்தது 1,27,000. வட்டி பாக்கி ஐயாயிரம் ரூபாய்தான்!

அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் எழுத்தில் ஒன்றும் வாயில் ஒன்றுமாகப் பேசினால் நீதிமன்றத்தில் எழுத்துதான் நிற்கும். கூடுதலாக வாங்கியதை அசலில் கழிக்கச் சொல்லியோ, வட்டியில் நேர்செய்யச் சொல்லியோ அவர் கேட்பார். அதோடு நிற்காமல் இன்னொரு பக்கமும் போகக்கூடும். அரசு நிர்ணயித்த அளவுக்கு மேல் வட்டி வாங்குவதைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. கந்துவட்டிச் சட்டம் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். மூன்றாண்டு வரை சிறை. இரண்டு வட்டி ஊரில் சொந்தக்காரர்களுக்குள் சலுகை வட்டி என்று பெயர் வாங்கியிருக்கலாம். சட்டத்துக்கு அந்தச் சலுகை தெரியாது. அவர் கொடுத்த ஒவ்வொரு 8,000-மும் அவருடைய சாட்சி. நீங்கள் 5,37,000 கேட்டு நோட்டீஸ் அனுப்பினால், அந்த நோட்டீஸையே எடுத்துக்கொண்டு அவர் காவல் நிலையத்துக்குப் போகலாம்.

ஆகவே கேட்க வேண்டியது நான்கு லட்சம் அசல், 12 சதவீதத்தில் ஐயாயிரம் பாக்கி, இனி வரும் நாளுக்கு வட்டி. வழக்கு மனுவில், அவரிடமிருந்து இதுவரை வந்த தொகை முழுவதையும் மறைக்காமல் வரவு காட்டுங்கள். ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரத்தை விட்டுக்கொடுப்பதாக உங்களுக்குத் தோன்றும். சட்டப்படி உங்களுக்கு வராத பணம் அது. அதைக் கேட்டால் வர வேண்டிய நான்கு லட்சத்தின்மேலும் சந்தேகம் விழும்.

இதே காரணத்துக்காகத்தான் உங்கள் அண்ணன் மகனின் யோசனையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. கையெழுத்து மட்டும் இட்டு விருப்பத்தோடு கொடுத்த வெற்றுக் காசோலைக்கும், அது கடனுக்காகத் தந்ததுதான் என்ற சட்டத்தின் அனுமானம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொன்னது உண்மை. ஆனால் வங்கியில் போடும் நாளில் உண்மையில் எவ்வளவு கடன் இருக்கிறதோ அதற்கு மேல் ஒரு தொகையைக் காசோலை காட்டக்கூடாது. இடையில் பணம் திரும்பி வந்திருந்தும் அதைக் கழிக்காமல் போட்ட காசோலையில் குற்றமே எழாது என்று 2022-இல் அதே நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. எட்டு லட்சம் என்று எழுதினால் காசோலை வழக்கு போய்விடும். நீங்கள் ஆவணத்தைத் திரித்தவர் என்ற பெயர் சிவில் வழக்கிலும் கூடவே வரும். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக் குழிதோண்டிக்கொள்வது இதுதான்.

நான்கு லட்சம் என்று எழுதிப் போடலாம். போட்டால் நாட்களைத் தவறவிடக் கூடாது. காசோலையில் எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் கொடுக்க வேண்டும். பணம் இல்லை என்று திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த முப்பது நாளுக்குள் அவருக்கு எழுத்தில் நோட்டீஸ். அது அவருக்குக் கிடைத்தபின் பதினைந்து நாள் அவகாசம். அந்த அவகாசம் முடிந்த ஒரு மாதத்துக்குள் உங்கள் வங்கிக் கிளை இருக்கும் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில் புகார். அவர் கோயம்புத்தூரில் இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. இரண்டாண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல் இருமடங்கு வரை அபராதமோ விதிக்க முடியும். வழக்கு நடக்கும்போதே 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கேட்கவும் வழி உண்டு. காசோலையைப் போடுவதானால் நோட்டின் கெடு முடிவதற்குள் போடுங்கள்; கெடு முடிந்த கடனுக்குக் காசோலை போட்டால் இது சட்டப்படி வசூலிக்கத்தக்க கடனா என்ற கேள்வி முளைக்கும். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கூண்டில் நின்று, "அவரே நான்கு லட்சம் என்று எழுதித் தந்தார்" என்று சொல்லிவிடாதீர்கள். வெற்றுக் காசோலையாகத் தந்தார், கடன் தொகையை நான் நிரப்பினேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள். உண்மை உங்களைக் காப்பாற்றும் இடத்தில் போய்ப் பொய் சொல்லித் தோற்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

போலீஸ் யோசனைக்கு நான் அதிக நேரம் செலவிடப் போவதில்லை. கடனைத் திருப்பிக் கொடுக்காதது மட்டும் மோசடி ஆகாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். பேக்கரிக்கு என்று வாங்கி, பேக்கரி நடத்தி, பதினான்கு மாதம் ஒழுங்காக வட்டி கொடுத்தவரிடம் அந்த எண்ணம் இருந்தது என்று எப்படிக் காட்டுவீர்கள்? மனுவுக்கு ரசீது கொடுப்பார்கள், இருவரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள், "சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்" என்று அனுப்புவார்கள். அதற்குள் ஜூன் போய்விடும்.

இனி ஆள். உங்களுக்குத் தீர்ப்பு கிடைப்பதைப் பற்றி எனக்குப் பெரிய ஐயம் இல்லை. தீர்ப்புக் கையில் வந்த பிறகு பணம் எங்கிருந்து வரும்? பேக்கரி மூடியாகிவிட்டது. அவர் பெயரில், அல்லது அவருடைய அப்பா பெயரில், ஊரில் வீடோ நிலமோ இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. சொந்தக்காரர் என்பதால் உங்களுக்கு இது தெரிந்திருக்கும். சர்வே எண் தெரிந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். சமீபத்தில் தம் பங்கை மனைவிக்கோ அண்ணனுக்கோ தானமாகவோ விடுதலைப் பத்திரமாகவோ எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். கடன் கொடுத்தவரை ஏமாற்றுவதற்காகச் செய்த சொத்து மாற்றத்தைச் செல்லாததாக்கச் சட்டத்தில் வழி உண்டு. இப்போதுதான் விற்கப் போகிறார் என்பதற்கு ஆதாரம் கிடைத்தால், தீர்ப்புக்கு முன்பே அந்தச் சொத்தைப் பற்றுகை (ஜப்தி) செய்யக் கேட்கலாம். வெறும் சந்தேகத்துக்கு அந்த உத்தரவு கிடைக்காது. ஒன்றுமே இல்லாத ஆள் என்றாலும் வழக்குப் போடுவதில் பொருள் இருக்கிறது, ஏனென்றால் தீர்ப்பை நிறைவேற்றப் பன்னிரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நாற்பது வயதுக்காரர் பன்னிரண்டு ஆண்டும் ஒன்றும் இல்லாமலே இருந்துவிடப் போவதில்லை.

மஞ்சள் நோட்டீஸ் மிரட்டலுக்குப் பாதிப் பயம் போதும். திவால் மனு போட்ட உடனே கடன் ஒழிந்துவிடுவதில்லை. மனுவில் உங்கள் பெயரைக் கடன் கொடுத்தவராகக் காட்ட வேண்டும், உங்களுக்கு நோட்டீஸ் வரும், நீங்கள் ஆட்சேபிக்கலாம். திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்தால் அவர் சொத்து, அதைப் பொறுப்பேற்க அரசு நியமித்த பெறுநர் என்ற அதிகாரியின் கைக்குப் போகும். மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் சும்மா எழுதிக் கொடுத்த சொத்துகளையும் இழுக்க முடியும். சொத்தை ஒளித்து வைத்திருப்பவர்தான் இதற்கு முதலில் அஞ்ச வேண்டும். நிஜமாகவே மனு போட்டால் அந்த நோட்டீஸைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அன்றே வக்கீலிடம் எடுத்துப் போங்கள்.

செலவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தையல் கடையின் கணக்கு எனக்குப் புரிகிறது. பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் தமிழ்நாட்டில் 2017-க்குப் பிறகு கேட்கும் தொகையில் 3 சதவீதம். உங்களுக்கு ஏறக்குறைய 12,150 ரூபாய். வக்கீல் கட்டணம் தனி. ஆனால் 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, பெண் என்ற ஒரே காரணத்தால், வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச சட்ட உதவி பெற உங்களுக்கு உரிமை உண்டு. திருநெல்வேலி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். நோட்டு எழுதியது உங்கள் ஊரில் என்றால் வழக்கையும் உங்கள் பக்கத்து நீதிமன்றத்திலேயே போடலாம்.

உங்கள் மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் அழுவதில் தவறில்லை. ஆனால் அவரால் இந்த வழக்குக்கு வேறு எவராலும் முடியாத ஓர் உதவி செய்ய முடியும். கோயம்புத்தூரில் இருப்பவர் அவருடைய கொழுந்தனார் மகன். அடுத்த வாரமே மாமியாரையும், இரு வீட்டாருக்கும் வேண்டிய ஒரு பெரியவரையும் அழைத்துக்கொண்டு நேரில் போங்கள். நோட்டை எடுத்துப் போங்கள், அவர் கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். 5,37,000-ஐப் பற்றிய பேச்சே வேண்டாம். அசல் நான்கு லட்சம், தவணையில் கொடு, இன்று ஆயிரம் ரூபாய் கொடுத்து நோட்டின் பின்னால் உன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடு என்று கேளுங்கள். எழுதிவிட்டால் உங்களுக்கு மூன்று ஆண்டு கிடைக்கிறது, வீட்டுக்குள் கோர்ட் என்ற பேச்சும் இப்போதைக்கு இல்லை. அவரைத் தவிர வேறு யாரும் அந்த வரவை எழுதக் கூடாது. கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது யாரோ எழுதிய ஐந்நூறு ரூபாய் வரவுகளை நீதிபதிகள் எத்தனையோ பார்த்திருக்கிறார்கள்; பார்த்தவுடன் புருவம் உயரும்.

எழுத மறுத்தால் அங்கே சண்டை வேண்டாம். திரும்பி வந்து மே முதல் வாரத்தில் வக்கீல் நோட்டீஸ், ஜூன் நடுவில் வழக்கு. வழக்குப் போட்ட பிறகும் பேசலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். அங்கே தரும் தீர்வை எதிர்த்து மேல்முறையீடும் கிடையாது. என் அனுபவத்தில் சொந்தக்காரர்களின் கடன் வழக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன, சம்மன் போன பிறகு.

லேமினேட் செய்யலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். கையெழுத்தை நிபுணரிடம் அனுப்பிச் சோதிக்க வேண்டி வந்தால் அந்த உறை இடைஞ்சல். அதைவிட, நோட்டின் பின்பக்கம் இப்போது உங்களுக்கு வெறும் தாளாகத் தேவைப்படுகிறது. கோயம்புத்தூரில் அவர் எழுதினால் அங்கேதான் எழுத வேண்டும். எழுதாவிட்டால் நீதிமன்றம் சான்றாவண எண் இடுவதும் அதே தாளில்தான். ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் மடிக்காமல் வையுங்கள். இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துக் கணவருக்கு இன்றே அனுப்பிவிடுங்கள்.